ஒத்திகைக் கட்டில்

என் பொன்னக்கா,

டியூட்டி முடிந்து வந்து, இரண்டு கால்களையும் வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ போன பிறகு உட்கார்ந்து பேச எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தால் வீட்டிலும் வார்டு பேச்சுதான் என்று அத்தான் சலித்துக்கொள்வாரே, இப்போது அந்தச் சலிப்புக்கும் வழியில்லாமல் இருக்கிறார்.

போன வாரம் நம் ஆஸ்பத்திரியில் ஒத்திகை. அடுத்த பெருந்தொற்று வந்தால் நாம் தயாரா என்று பார்க்கிறார்களாம். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ஒருவனுக்கு என்னவென்று தெரியாத காய்ச்சல் என்பது ஒத்திகைக் கதை. ஆம்புலன்ஸில் வருகிறவனை எவ்வளவு சீக்கிரம் தனி அறைக் கட்டிலில் சேர்க்கிறோம் என்பதுதான் பரீட்சை. தில்லி அதிகாரிகள், வெளிநாட்டு அம்மா ஒருத்தி, எல்லோரும் கையில் கடிகாரத்தோடு நின்றார்கள். மற்ற நாளில் பூட்டியே கிடக்கும் அந்த அறையில் அன்றைக்குப் புது விரிப்பு.

முன்பெல்லாம் நோயாளி வேஷம் உனக்குத்தானே. நீ கண்ணைச் சொருகி முனகுகிற முனகலில் புதிதாக வந்த டாக்டர் பிள்ளைகள் வெலவெலத்துப் போவார்கள். இந்தத் தடவை ஆபீஸ் கிளார்க் அனூப்புக்கு அந்த வேஷம். அவனுக்கு முனகக்கூட வராது.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. துறைமுகக் கட்டுமான வேலைக்கு வந்த வங்காளிப் பையன் ஒருவன், கூட்டாளியின் தோளில் துவண்டு கிடந்தான். நம்மைச் சோதிக்க ஆளையும் வண்டியையும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று வாசலில் எல்லோரும் நினைத்துவிட்டார்கள். செக்யூரிட்டி விசில் ஊதினார். ஸ்ட்ரெச்சர் பறந்து வந்தது. லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தயாராக நின்றார். ஆதார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. போய் ஓபி சீட்டு வாங்கி வா என்று விரட்டவில்லை. மலையாளம் தெரியாதா என்று முகம் சுளிக்கவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வரவேற்பை நான் பார்த்ததே இல்லை.

கட்டிலில் கிடத்தியதும் அதிகாரிகள் கைதட்டினார்கள். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கையுறையையும் மீறிச் சுட்டது.

"சார், இவன் நடிக்கல" என்றேன்.

சூப்பிரண்டு டாக்டர் அருகில் வந்து பார்த்தார். பிறகு தணிந்த குரலில், பையனைக் கீழே கேஷுவாலிட்டிக்கு அனுப்பச் சொன்னார். அனூப் பின்வாசலில் ஆம்புலன்ஸுக்குள் காத்திருக்கிறான், முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம் என்றார். கெட்ட மனுஷர் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் கீழே ஒரு கட்டிலும் காலியில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கும் அந்த பெஞ்சு எனக்கு ஞாபகம் வந்தது அக்கா. தொற்றுக் காலத்தில் எத்தனையோ பேருக்குக் கட்டில் பிடித்துக் கொடுத்த நீ, கடைசியில் அதில்தான் கிடந்தாய். நம் சொந்த ஆஸ்பத்திரியில் மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு நான் வந்து நின்றபோது, மூச்சு வாங்க வாங்க நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது.

"ஒத்திகைன்னு சொல்லிப் பாருட்டி. ஒடனே கட்டில் தருவாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அது இருமலாக மாறிவிட்டது. கட்டில் கிடைத்தபோது உனக்கு அது தேவைப்படவில்லை.

நான் அந்தப் பையன் பக்கத்திலிருந்து நகரவில்லை. வீரம் எல்லாம் இல்லை. இன்னொருவரைக் கீழே தள்ளிக்கொண்டு போய் இடம் தேடுகிற தெம்பு எனக்கு இல்லை, அவ்வளவுதான். சலைன் ஏற்றினேன், ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். சூப்பிரண்டு அதற்கு மேல் வற்புறுத்தாமல் வெளியே போனார்.

ஒத்திகை மறுபடி நடந்தது. அனூப்பைப் படுக்கவைக்க இடமில்லாமல் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நாம் தோற்றுவிட்டோம். கட்டிலில் நோயாளி இருந்ததுதான் காரணமாம்! என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்ன விளக்கம் எழுத? நீ இருந்தால் ஒரு வரியில் சொல்லிக்கொடுத்திருப்பாய்.

அடுத்த தொற்றை உலகமே சேர்ந்து நின்று எதிர்கொள்ள வேண்டும் என்று அந்த வெளிநாட்டு அம்மா போகும்போது பேசினாள். நல்ல பேச்சுதான். ஆனால் நாளைக்கு ஆட்டோவில் வந்து இறங்குகிறவனுக்கு யார் ஓடி வருவார்கள்?

பையனுக்கு எலிக்காய்ச்சல். பிழைத்துக்கொண்டான். இன்று காலையில் டிஸ்சார்ஜ் ஆகும்போது, அவன் கூட்டாளி தெரிந்த மலையாளத்தில் என்னிடம் கேட்டான். "இனி வந்நாலும் இங்ஙனே தன்னே ஆணோ, சேச்சி?"

இனி வந்தாலும் இப்படித்தான் பார்ப்பீர்களா என்று கேட்கிறான். எனக்கு அழுகை வந்தது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஒத்திகை வரைக்கும் அந்த அறையைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. மத்தியானம் அதே எக்ஸ்ரே பெஞ்சில் பூந்துறை மீன்காரம்மா ஒருத்தி சுருண்டு கிடந்தாள். கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கட்டிலில் படுக்கவைத்தேன்.

நான் ரிட்டயர் ஆகும்வரை அந்தக் கட்டில் சும்மா கிடக்காது அக்கா, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. யாராவது வந்து கேட்டால், ஒத்திகை நடக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி