நாகசாகிக்கு வராதீர்கள்

ஹோய் ஆன்
கான்யெய் 13, ஐந்தாம் மாதம்

என் அன்பு ஓசென்,

நீயும் நம் மகள் கானேவும் நலமா? கடல் கடந்து பட்டு வாங்க வந்த இந்த ஊரில் காய்ச்சலில் விழுந்தேன், கப்பலைத் தவறவிட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்குள் அங்கே நம் நாட்டின் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளிதேசத்திலிருந்து திரும்பும் ஜப்பானியனுக்குத் தலை இருக்காதாம். இங்குள்ள நம்மவர் தெருவில் தினமும் யாராவது குடித்துவிட்டு அழுகிறார்கள்.

நான் அழப்போவதில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சீனக் கப்பல்காரர் குவோ, "அடுத்த வருஷம் என் சமையல்காரன்னு சொல்லி இறக்கிவிடுறேன். வாயை மட்டும் திறக்காதே" என்கிறார். சீனர்களைப் போல முடி வளர்த்துக் கொண்டை போடுகிறேன். பார்த்தால் சிரிப்பாய். அடுத்த கோடையில் தென்காற்றோடு வந்துவிடுவேன்.

உன்
ஜின்பெய்

நாகசாகி
கான்யெய் 13, பதினோராம் மாதம்

என் உயிரானவருக்கு ஓசென் வணங்கி எழுதுவது.

இத்தனை காலம் ஒரு வரி இல்லையே என்று உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வந்த வரியைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்கிறேன். வராதீர்கள்.

உங்களைப் போலவே ஒருவர் சரக்குக்கு நடுவே ஒளிந்து வந்தார். அவரை வெட்டினார்கள். வீட்டில் சேர்த்துக்கொண்ட மனைவியையும் விடவில்லை.

போன மாதம் அதிகாரி நம் வீட்டுக்கும் வந்தார். "உன் புருஷன் எங்கே?" என்றார். "செத்துட்டாருங்க" என்றேன். பக்கத்தில் நின்ற கானே, "அப்பா செத்துட்டாரா? எப்போம்மா?" என்றாள்.

அவர் என்னையே பார்த்தார். "பிள்ளைகிட்ட இன்னும் சொல்லலையா?"

"சொல்ல வாய் வரலைங்க."

கானே தரையில் விழுந்து புரண்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துத்தான் அவர் நம்பிப் போனார். இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சின்ன வாய், எங்கே உளறுமோ என்று பயம். மாலையில் உங்கள் பெயருக்கு ஊதுவத்தி ஏற்றுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கும்பிடுகிறேன். என்ன பாவம் செய்தேனோ!

பீப்பாய் கட்டும் மோஹெய் என்னைப் பெண் கேட்கிறார். நிஜ விதவை என்றால் ஏன் மறுக்கிறாள் என்று தெருவில் பேச்சு. நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

ஓசென்

ஹோய் ஆன்
கான்யெய் 14, ஐந்தாம் மாதம்

ஓசென்,

துறைமுகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகும் மூட்டையோடுதான் வந்தேன். படகில் கால் வைக்கும்போது, தரையில் புரண்ட பிள்ளைதான் கண்ணுக்குத் தெரிந்தாள்.

"என்னய்யா, ஏறலையா? காத்து நிக்காது" என்று குவோ கத்துகிறார். "இதை மட்டும் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டேன்.

மோஹெய்க்குச் சரி என்று சொல். நல்ல மனிதர், குடிக்க மாட்டார். என் உடுப்புகளை யாருக்காவது கொடுத்துவிடு. இதை அடுப்பில் போடு. இனி எழுத மாட்டேன்.

அப்பா எப்படிச் செத்தார் என்று கானே ஒருநாள் கேட்பாள். காய்ச்சலில் என்று சொல். கடலில் என்று மட்டும் சொல்லிவிடாதே. வாசலைத் திறந்தால் கடல் தெரிகிற ஊர் அது. பிள்ளை பயந்துபோவாள்.

ஜின்பெய்