பெரிய கேமராவைக் கொடுத்துவிடு

ஜெசி,

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வருவாய் என்று எழுதி வைக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் உள்ளதைச் சொல். இருந்தவர்கள்: நான், நீ, உன் தம்பி ஆன்டனி. வேறு யாரும் இல்லை.

வேளாங்கண்ணிப் பயணத்துக்கு ஆன்டனி கொண்டுவந்த சின்னக் கேமரா போதும், என் பழைய பெரிய கேமராவைக் கடையில் விலைக்குக் கொடுத்துவிடலாம் என்றாய்.

"அக்கா, நைட் ஷிப்டுக்கே ஒழுங்கா போவாத மனுஷன், இந்த இரும்பத் தூக்கினு என்னாத்தக் கிழிக்கப் போறாரு?" என்று சிரித்தான். அந்தக் கேமராவை நம்பித்தான் ஷிப்ட் வேலையை விட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழகியபடி கேமரா வாரைக் கையில் சுற்றியிருந்தேன். அப்படியே வீசி அடித்தேன். கை தவறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அவன் மண்டை பிளந்தது. நான் முதலில் லென்சைத்தான் பார்த்தேன். நீ அதைக் கவனித்தாய்.

பெரியதைக் கொடுத்துவிடு. சின்னதில் படம் சுமாராகத்தான் வரும். ஆனால் அதை வைத்து யார் மண்டையையும் உடைக்க முடியாது.

கேப்பைக் கூழ் சட்டியில் இருக்கிறது. ரத்தத்தைத் துடைத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை.

ஸ்டீபன்

இன்னொன்று. விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் ஆன்டனியைத் திண்டிவனத்துக்கு, இங்கேயே கூட்டி வா. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவன் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திப் பூட்டு. நான் வெளியே வந்து நின்று தட்டினாலும் திறக்காதே.