மேல்விஷாரமா வேலூரா

12 ஜூன் 2000, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மழை வரும் என்றார் பக்கத்து வீட்டு ரஹமத் பாய். வரவில்லை.

பயோடேட்டா ஜெராக்ஸ். பிறந்த தேதி வரியை எடுத்துவிடலாமா என்று கடை வாசலிலேயே யோசனை. எடுத்தால் ஒளிக்கிற மாதிரி. விட்டால் நேரே குப்பைக்கூடை. கடைக்காரன் கேட்டான்: “இன்னா சார், பையனுக்கா?” ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். எனக்குப் பையனே இல்லை. ஒரே பெண், ப்ளஸ் டூ.

சாயங்காலம் என் மனைவி கிரேஸின் அண்ணன் ஜெயசீலன் வந்தார். மேல்விஷாரத்தில் அவர் கணக்குப் பார்க்கிற தோல் டேனரியில் அளவு செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் வேண்டுமாம். “மொதலாளிகிட்ட சொல்லி வச்சிட்டேன் மாப்ள. ஞாயித்துக்கெழம வர்றேன், முடிவ சொல்லிடுங்க. ஜாஸ்தி யோசிக்காதீங்க.”

நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம்.

ஆம்பூர் டேனரியில் நானும் அளவு செக்‌ஷன்தான். வாலிபம் முழுக்க அங்கேயே. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண் கல்யாணமாகிப் போனபின் அந்த மெஷின் உறை போட்டுக் கிடந்தது. பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் தட்டித் தட்டி ஃபாக்ஸ்ப்ரோ கற்றுக்கொண்டேன். அப்புறம் விஷுவல் பேசிக், பாதி புரிந்தது. தோல் அளவு பில் மொத்தமும் என் புரோகிராமில்தான் ஓடியது. பிறகு டேனரியையே மூடிவிட்டார்கள். கையில் சர்டிபிகேட் கிடையாது. வயது நாற்பத்தைந்து.

13, செவ்வாய்

வாங்க வேண்டியது: பிளேடு, ஷூ பாலிஷ், துவரம்பருப்பு, தலைவலி மாத்திரை.

நாளை வேலூரில் இன்டர்வியூ. பேப்பரில் வந்தது. சாஃப்ட்வேர் கம்பெனி, ட்ரெயினி புரோகிராமர். வயது பற்றி ஒன்றும் போடவில்லை. மறந்துவிட்டார்களா, வேண்டாம் என்று விட்டார்களா?

கிரேஸ் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டே: “நாப்பத்தஞ்சு வயசுல எவனாவது ட்ரெயினியா போவானா? தேடி வர்ற வேலைய விட்டுட்டு…” முடிக்கவில்லை. முடித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சட்டை அயர்ன் பண்ணினாள், கேட்காமலே.

14, புதன்

பஸ்ஸில் நின்றபடியே வேலூர். மாடியில் ஆபீஸ். கதவைத் திறந்தேன். உட்கார்ந்திருந்த பையன்களும் பெண்களும் மொத்தமாக எழுந்து, “குட் மார்னிங் சார்.” நானும் குட் மார்னிங் சொல்லிவிட்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிறகு ஒருத்தன் மெதுவாக, “அங்கிள், நீங்களுமா?”

டெஸ்ட். காய்கறிக் கடைக்கு பில் போடுகிற புரோகிராம். ஒவ்வொரு எடையையும் கூட்டி மொத்தம் காட்ட வேண்டும். ப்பூ, இவ்வளவுதானா என்று முதல் ஆளாக முடித்தேன். வந்து பார்த்த பெண் கால்குலேட்டரைத் தட்டினாள். திரும்பத் தட்டினாள்.

“சார், ரெண்டு புள்ளி மூணும் ஒண்ணு புள்ளி ரெண்டும் சேர்த்தா நாலு புள்ளி ஒண்ணு வருதே?”

அப்போதுதான் உறைத்தது.

தோலைச் சதுர அடியில் அளப்போம். முழு அடிக்கு மேல் எல்லாம் கால் அடிக் கணக்கு. எங்கள் எழுத்தில் 2.3 என்றால் இரண்டே முக்கால். 1.2 என்றால் ஒன்றரை. சேர்த்தால் நாலே கால், அதாவது 4.1. நாலு கால் சேர்ந்தால் ஒரு அடி ஏறும். கத்தரிக்காய்க்கும் அதையே எழுதி வைத்திருக்கிறேன்! கை தானாக ஓடியிருக்கிறது. மூளை எங்கே போயிருந்ததோ.

முதலாளி வந்தான். கண்ணாடி போட்ட சின்னப் பையன். தோல் கணக்கை விளக்கினேன். சிரித்தான். நான் எழுதியதை மட்டும் ஸ்க்ரீனில் மறுபடி மறுபடி ஏற்றி இறக்கிப் பார்த்தான். “போன் பண்றோம் சார்.”

என்ன அர்த்தம்?

15, வியாழன்

கடைசியில் மழை. கரண்ட் போய்விட்டது.

கிரேஸிடம் நேற்று ‘பரவாயில்லை’ என்று சொல்லியிருந்தேன். இன்று உண்மையைச் சொன்னேன். கத்தரிக்காய் என்றதும் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்து தட்டைத் தள்ளினேன். அவமானமாக இருந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

மேல்விஷாரம் போனால் கணக்கு தப்பாது. நாலு கால் ஒரு அடி. எல்லாம் சரியாக இருக்கும். அப்படியானால் ஏன் போகப் பிடிக்கவில்லை? தெரியவில்லை.

16, வெள்ளி

பாய் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினார்: “தோஸ்த், வேலூர்லேர்ந்து போன்! சீக்கிரம் வாங்க, இங்கிலீஷ்ல பேசறாங்க!” லுங்கியோடு ஓடினேன்.

செலக்டட். நாளைக்கு வரச் சொன்னாள், டெஸ்ட் பார்த்த அந்தப் பெண்.

வேறு யாருக்கோ வந்த போனா? பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். என் பெயர்தான்.

17, சனி

வேலூர். முதலாளிப் பையனிடம் நேராகவே கேட்டேன், தப்பாகப் போட்டவனை ஏன் எடுத்தீர்கள் என்று.

“எல்லா பில்லும் தப்புதான் சார். ஆனா எல்லாம் ஒரே மாதிரி தப்பு. மத்தவங்களுது ஒரு தடவ சரியா வரும், ஒரு தடவ தப்பா வரும், எங்க தப்புன்னே தெரியாது. உங்களுத ஒரே எடத்துல திருத்தினா போதும்.”

இது பாராட்டா, திட்டா? பஸ் முழுக்க அதே யோசனை. பள்ளிகொண்டா தாண்டியதே தெரியவில்லை.

வேலூர்ச் சம்பளம் மேல்விஷாரத்துச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. இரண்டு வருஷ பாண்ட் வேறு. அதில் பேரண்ட் அல்லது கார்டியன் கையெழுத்து வேண்டுமாம். “எனக்கு அப்பா அம்மா இல்லம்மா,” என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. “ரூல் சார். கார்டியன் யாராவது…”

ராத்திரிச் சாப்பாட்டின் போது கிரேஸ் கேட்டாள்:

“மேல்விஷாரம் போனா எப்டி இருக்கும் உங்களுக்கு?”

“ஒண்ணும் தோணல.”

“வேலூரு?”

“பயமா இருக்கு.”

“டேனரி மூடினதுலேர்ந்து உங்களுக்கு பயம்கூட வரல. கல்லாட்டம் உக்காந்திருந்தீங்க. பாக்க சகிக்கல எனக்கு.”

எழுந்து தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். சரி என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா?

18, ஞாயிறு

காலை சர்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

மதியம் கிரேஸ் பாண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பரீட்சைத் தாள் படிக்கிற மாதிரி வரி வரியாக. கையில் சிவப்புப் பேனா. “இது வேணாம், நீலம் குடுங்க.”

கொடுத்தேன். ‘பேரண்ட்’ என்பதை அடித்தாள். கார்டியன் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் ‘மனைவி’.

“ட்ரெயினியோட நடத்தைக்கு நான் பொறுப்பாம். இத்தன வருஷமா வேற யாரு பொறுப்பா இருந்தாங்களாம்?”

பேனாவை வாங்கி மூடி வைத்தேன்.

வாசலில் மச்சானின் ஸ்கூட்டர். நான் எழுந்தேன்.

“நீங்க உள்ள போங்க. அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. மச்சானின் குரல் ஏறுகிறது. மொதலாளி மூஞ்சில எப்டி முழிப்பேன் என்கிறார். பொண்ணு காலேஜ் போவணுமே, புத்தி கெட்டுப் போச்சா என்கிறார். அவள் குரல் ஏறவே இல்லை.

“இல்லண்ணா. அவரு வரமாட்டாரு.”