மஞ்சள் கயிறு ஒரு கட்டு

18.7.1975

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இன்று காலை, கொழுந்து கிள்ளும் பேச்சியம்மாளுக்குக் குடல்வால் ஆபரேஷன். தங்கத் தாலியைக் கழற்றச் சொன்னதும் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள்.

"அவுக உசுரோட இருக்கையில வெறுங்கழுத்தாப் படுக்க மாட்டேன் டாக்டரம்மா."

"சம்மதிக்கலைன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பு" என்றார் பெரிய டாக்டர். குடல்வால் உள்ளே வெடித்தால் செத்துப்போவாள். நான் பயிற்சி டாக்டர்தான். ஆனாலும் எழுதவில்லை. அவள் புருஷனைச் சித்திரபுரம் கடைக்கு அனுப்பி மஞ்சள் கயிறு வாங்கிவரச் சொன்னேன். அவன் அதைக் கட்டிவிட்டதும், தங்கத்தை அவளே கழற்றிக் கொடுத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "நீ டாக்டரா, பூசாரியா? விளக்கம் எழுதிக் கொடு" என்கிறார் பெரிய டாக்டர்.

எழுதமாட்டேன். சாயங்காலம் ஒரு கட்டு மஞ்சள் கயிறு வாங்கி, ஆபரேஷன் அறையில் கையுறைகளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எடுத்து எறியட்டும், பார்க்கலாம்.