ஒரே ஒரு பெட்டி

இந்த உறை என் மேசையில் கிடக்கிறது. வெள்ளை. மேலே என் கையெழுத்தில் ஜெனியின் பெயர். உள்ளே வைத்த காசு உள்ளேயே இருக்கிறது. பசையின் மணம் இன்னும் போகவில்லை.

உன் மகள் நேற்று இதை என் கையில் திருப்பி வைத்தாள்.

"காசு வேண்டாம் அன்ரி."

பத்து வயதாகிவிட்டது அவளுக்கு. நெற்றி உன்னுடையது. கோபம் வந்தால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வது மட்டும் தகப்பனுடையது. உதட்டை இழுத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"மற்றப் பிள்ளையளின்ர பிறந்தநாளுக்குப் பெட்டி குடுக்கினம். எனக்கு மட்டும் ஏன் எல்லாரும் காசு தருகினம்?"

பதில் எனக்குத் தெரியும். அதை நீ எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாய்.

*

அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு முதல் நாள். விடத்தல்தீவில் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து பகல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வாசலில் நின்றாய். தலையில் ஒரு துணி. ஊருக்கு, பிள்ளையிடமிருந்து பேன் தொற்றி முடியை வெட்டியதாகச் சொல்லியிருந்தாய். கொழும்பில் கிளினிக் என்றது வெறும் சளிக்காக. நெஞ்சில் இருப்பது என்னவென்று உன் கணவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

குசினித் தரையில் இருந்து ரோல்ஸ் சுற்றினோம். மீனும் கிழங்கும் பிசைந்த கலவை. உன் கை வேகமாக, என் கை உடைத்து உடைத்து.

"கம்பஸிலை இது படிப்பிக்கேல்லையோ?"

"வாயை மூடடி."

பிறகு, தலை நிமிராமல் கேட்டாய்:

"உனக்கு அஞ்சு வயசிலை நடந்தது என்ன ஞாபகம்?"

யோசித்தேன். எனக்கு ஐந்து வயதில் அகதி முகாம். நீயும் அதே முகாமில்தான் இருந்தாய், நான் உன்னை அறியும் முன்.

"ஒரு நீலத் தறப்பாள் கூரை. மேலை மழைத்தண்ணி தேங்கி, பை மாதிரித் தொங்கினது. அம்மா கீழை நிண்டு தடியாலை தள்ளினவா."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

"பாத்தியோ. அந்த வருசம் எவ்வளவு நடந்தது. உனக்கு மிஞ்சினது ஒரு தறப்பாள்."

சுற்றிய ரோலைத் தட்டில் வைத்தாய். ஜெனி முற்றத்தில் பலூனுடன் ஓடிக்கொண்டிருந்தாள். காற்று அதைப் பறிக்கப் பார்த்தது. அவள் கத்தினாள், சிரித்தாள்.

"அவளுக்கு என்ன மிஞ்சும்?" என்றாய்.

என் கையில் இருந்த ரோல் மறுபடி உடைந்தது.

"நாளைக்கு எத்தினை பேர் வருவினம், எத்தினை பெட்டி வரும். அதுக்குள்ளை நான் குடுக்கிறது எங்கை தெரியப்போகுது? அதுதான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், காசாத் தாங்கோ எண்டு. பெட்டி ஒண்டே ஒண்டுதான். அது என்ர."

"உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே."

"சொன்னா அழுவினம். அழுதழுது இன்னும் பெரிய பெட்டியாக் கொண்டு வருவினம்."

சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறி, நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை நீண்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"பிள்ளை பாவமடி. பிறந்தநாள் எண்டா பெட்டியளைத்தான் பாத்துக்கொண்டு நிக்குங்கள்."

"ஓம். பாவம்தான்."

அடுத்த ரோலை எடுத்தாய்.

*

மறுநாள் உன் மச்சாள் ஓட்டோவில் வந்து இறங்கினாள். உன் கணவரின் தமக்கை. சொன்னதைக் கேட்டுப் பழக்கமில்லாதவள். பின்னால் அவளுடைய மகன், ஜெனியின் உயரத்தில் ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு. மன்னார்க் கடையில் வாங்கியது. பளபளக்கும் தாளுக்குள் தங்கநிறத் தலைமுடி.

நீ வாசல் படலையை விட்டு நகரவில்லை.

"மச்சாள், நான் சொன்னனான் எல்லோ."

"சொன்னனிதான். கலியாண வீட்டிலைதான் என்வலப் குடுக்கிறது. இது பேர்த்டேயோ கலியாணமோ? மாப்பிளை ஆரடி?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் படலை மூடியே இருந்தது.

"பொம்மையைத் திருப்பி அனுப்புங்கோ. நீங்கள் வாங்கோ. கேக் வெட்டப் போறம்."

"உனக்கென்ன விசரே? பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது."

ஜெனி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். உன் பாவாடையைப் பிடித்தபடி. மச்சாளின் முகம் சிவந்தது. மகனிடம் ஏதோ சொன்னாள். பொம்மை ஓட்டோவில் ஏறியது. ஓட்டோ திரும்பிப் போகையில், பின் கண்ணாடி வழியே அந்தத் தலை எங்களைப் பார்த்தபடியே போயிற்று.

ஜெனி அழத் தொடங்கினாள். கேக் வெட்டும்வரை அழுதாள். படமெடுத்தவர் "சிரிங்கோ பிள்ளை" என்று சொல்லிக் களைத்துப்போனார். உறைகள் ஒரு சுளகில் சேர்ந்தன. யாரும் அதைப் பார்க்காதது போல் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளின் காதில் சொன்னது எனக்கே கேட்டது: "வீட்டு வேலை பாதியிலை நிக்குதெல்லோ. சீமெந்துக்குச் சேர்க்கிறாள் போலை."

உனக்கும் கேட்டிருக்கும். நீ எல்லோருக்கும் சோடா ஊற்றிக்கொண்டிருந்தாய்.

உன் பெட்டி அலுமாரிக்கு மேல் இருந்தது. வந்தவர்கள் போன பிறகுதான் கொடுப்பேன் என்றாய். எனக்குக் கடைசி பஸ். நான் அதைக் காணவில்லை.

*

அடுத்த முறை நான் வந்தபோது மச்சாள் என்னைத் தெருவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கேள்விப்பட்டனியே தங்கச்சி? வந்த காசையெல்லாம் வாங்கிப்போட்டு, பிள்ளைக்கு என்ன குடுத்தவ தெரியுமே? குடை! இந்தச் சோளகத்துக்கு ஒரு குடை!"

காசு முழுவதையும் நீ ஜெனியின் பெயரில் வங்கியில் போட்டிருந்தாய். அதைச் சொன்னேன். மச்சாள் கையை உதறிவிட்டுப் போனாள்.

குடையையும் பார்த்தேன். மஞ்சள். ஓரத்தில் சுருக்கு வைத்தது. அப்போதே கம்பிகள் வெளியே வந்திருந்தன. காற்று அதை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தது.

"ஏனடி குடை?"

"பள்ளிக்கூடப் புத்தகத்திலை ஒரு பிள்ளை குடையோடை நிக்குது. தனக்கும் வேணுமெண்டு கேட்டவள்." கம்பியை வளைத்துப் பார்த்தாய். வளையவில்லை. "போனாப் போகட்டும்."

அந்த டிசம்பரில், நத்தாருக்கு நீ இல்லை.

சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்து அழுதது மச்சாள்தான். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையேயடி" என்று. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு முதல் உறையைக் கொண்டுவந்தவளும் அவளே. உன் விருப்பம் என்றாள். தெரு முழுவதும் அப்படியே செய்தது. நீ ஒரு நாளைக்குத்தான் கேட்டாய். அவர்கள் அதை அந்த வீட்டின் வழக்கமாக்கிவிட்டார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் உறையோடுதான் போனேன், வருடா வருடம். உன் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைக்க எனக்குக் கை வரவில்லை.

ஜெனியை ஒருவரும் கேட்கவில்லை. நேற்று அவளாகக் கேட்டாள்.

*

சொன்னேன். முற்றத்து மர வாங்கில் அவளை இருத்தி, முழுவதையும். மச்சாள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புடைக்க எடுத்த அரிசி சுளகில் அப்படியே இருந்தது.

ஜெனி வாங்கின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அம்மா தந்தது குடையெல்லோ? அது காத்திலை போச்சு."

"என்ன நிறம், ஞாபகமிருக்கா?"

"சிவப்போ? ...தெரியாது அன்ரி."

நான் திருத்தவில்லை. அவ்வளவு பேரின் ஏச்சு. அந்தப் பொம்மை. அந்த அழுகை. சிவப்போ, தெரியாது.

"ஆனா அம்மா பேப்பரைக் கிழிக்க விடேல்லை" என்றாள்.

"ஆ?"

"நான் கிழிக்கப் போனனான். விடேல்லை. என்னை மடியிலை இருத்திப்போட்டு, பின்னாலை இருந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டவா. டேப் ஒட்டை ஒவ்வொண்டா நகத்தாலை கிளப்பச் சொன்னவா. நான் கெதியா இழுத்தா 'என்ன அவசரம்' எண்டு கையைப் பிடிச்சிடுவா. திறந்து முடிய இருண்டு போச்சு. நான் சிரிச்சுக்கொண்டே இருந்தனான்."

"ஏன்?"

"கூசினது. அம்மான்ர மூச்சு இஞ்சை, இஞ்சை பட்டது." பின்கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். காட்டும்போதே தோளைக் குறுக்கிச் சிரித்தாள். இப்போதுதான் பட்டது போல.

வாசற்படியில் நின்ற மச்சாள் உள்ளே போய்விட்டாள். சுளகை எடுக்காமல்.

"அம்மான்ர எனக்கு ஞாபகமிருக்குத்தானே அன்ரி. இனி நீங்கள் பெட்டி தரலாம்." பிறகு, நான் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில்: "பெரிசாக் கொண்டு வாங்கோ."

கொண்டு போவேன். பெரிதாகவே.

அந்த மாலையில் நான் அங்கே இல்லை. பஸ்ஸில் இருந்தேன். நேற்று முதல் அது என்னிடமும் இருக்கிறது. உன் மடி. நகத்தால் கிளம்பும் ஒட்டு. ஒரே ஒரு பெட்டி என்பதால் இருந்த அவ்வளவு நேரம்.

உன் மூச்சு அந்த நாட்களில் எப்படி இருந்ததென்று நான் அறிவேன். இரண்டு சொல்லுக்கு நடுவில் நின்று நின்று இழுத்தாய். வாயால் ஊதி ஊதி விட்டாய். குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவள் கழுத்தில் பட்டது அந்த மூச்சு.

அவளுக்கு அது கூச்சம்.

இதை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.