சாரலில் அடித்த வெள்ளை

இலஞ்சி
12.6.2024

ஸ்வாதி அப்பாவுக்கு,

இங்கு நலம். நம் மகள் வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். நாம் பேசினால்தான் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். வீட்டை விற்றுவிடலாம் என்றீர்கள். சரி. புரோக்கர் சொரிமுத்து வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கிளிப்பச்சைய எவன் மைனி வாங்குவான்? வேற கலர் அடிங்க" என்கிறார். நீங்கள் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது பிடிவாதமாக அடித்த பச்சை அது. வெள்ளையா, சந்தனமா? பத்திரத்தில் உங்கள் பேரும் இருக்கிறதே, அதான் கேட்கிறேன்.

சண்முகசுந்தரி

கோயம்புத்தூர்
20.6.2024

சுந்தரிக்கு,

ரிட்டயராகி வந்தவனிடம், "நீங்க இல்லாமலே இருவது வருஷம் நல்லாத்தான் இருந்தோம்" என்று சொன்னவள், கலருக்கு மட்டும் என்னைக் கேட்பானேன்? வெள்ளையே அடி. ஆனால் சாரல் முடியட்டும், மேற்குச் சுவர் ஈரம் குடிக்கும். இங்கே வாட்ச்மேன் வேலையில் குறையில்லை. சாப்பாடுதான் வாயில் வைக்க விளங்கவில்லை.

வீரபாகு

இலஞ்சி
14.7.2024

ஸ்வாதி அப்பாவுக்கு,

வெள்ளை அடித்தாயிற்று. நான்காம் நாளே மேற்குச் சுவர் முழுக்க அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. உரிகிற இடத்திலெல்லாம் உங்கள் பச்சை தெரிகிறது. பார்க்க வந்த இரண்டு பேரும் சுவரில் ஓதம் என்று போய்விட்டார்கள். சொரிமுத்து தலையில் அடித்துக்கொள்கிறார். எல்லாம் அந்தப் பெயிண்டர் கடற்கரை வேலை செய்த லட்சணம். இனி தை மாதம்தான் விற்க முடியும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

சண்முகசுந்தரி

கோயம்புத்தூர்
22.7.2024

சுந்தரி,

கடற்கரையைப் போனில் பிடித்துத் திட்டினேன். "நா தலபாடா அடிச்சிக்கிட்டேன் அண்ணாச்சி, சாரல்ல நிக்காதுன்னு. மைனிதான் இன்னைக்கே அடிலேன்னு நின்னாவ" என்கிறான். இலஞ்சியில் பிறந்து வளர்ந்தவளுக்கா சாரல் தெரியாது? அடிப்பாவி! கேட்டதிலிருந்து டூட்டியில் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். பிறகு அழுகையும் வந்தது. உண்மையைச் சொல். தெரிந்துதான் அடித்தாயா?

உன் வீரபாகு

இலஞ்சி
30.7.2024

என் ஸ்வாதி அப்பாவுக்கு,

ஆமாம், தெரிந்துதான் அடித்தேன். கடற்கரையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் சொன்ன அந்தச் சொல் பொய். இருபது வருஷமும் நீங்கள் லீவில் வருகிற நாளை எண்ணிக்கொண்டுதான் கிடந்தேன். விற்கலாம் என்றதும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. ரோஷம்.

இந்த வெள்ளையைச் சுரண்ட என்னால் ஏணியில் ஏற முடியாது. சாரல் நிற்கட்டும் என்று அங்கேயே இருந்துவிடாதீர்கள். வரும்போது அந்தக் கிளிப்பச்சையில் இரண்டு டப்பா வாங்கி வாருங்கள். தென்காசியில் எல்லாக் கடையிலும் கேட்டுவிட்டேன், இல்லை.

சுந்தரி