பூட்டிய கேற்

ஞாயிறு இரவு, கல்முனை

ஆராதனை நேரத்தில் தேவாலய வாசல் கேற்றைப் பூட்ட வேண்டாம் என்று போன வாரம் சபைக் கூட்டத்தில் சொன்னேன். பிந்தி வருகிறவர்கள் தெருவில் நிற்கிறார்கள். எல்லோரும் "ஓம் ஐயா" என்றார்கள். இன்றும் பூட்டித்தான் இருந்தது. நான் முன்பு போதகராக இருந்த மலையகச் சபையில் முகத்துக்கு நேரே சண்டை பிடிப்பார்கள், பிறகு செய்வார்கள்.

சாவி வைத்திருக்கும் மூப்பர் செல்லத்துரையிடம் கோபமாகக் கேட்டேன்.

"உயிர்த்த ஞாயிறண்டு குண்டு வெடிச்ச கோயிலுக்குள்ளதான் என்ட தங்கச்சி இருந்தவ, ஐயா. நீங்க திறங்க. நான் என்ட பிள்ளையளக் கூட்டிற்று வீட்ட போறன்."

அடுத்த ஞாயிறு திறந்த கேற்றில் நானே நிற்கிறேன், பிரசங்கத்தை அவர் செய்யட்டும் என்றேன்.

அவர் சாவியை என் கையில் வைத்தார்.

"உங்களத் தனிய நிக்க விட ஏலா. நானும் வாறன்."

நித்திரை வரவில்லை. அவருக்கு ஏதாவது நடந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?